சவக்கதவு

எஸ்ரா கெரிட்ஜ் விழுந்த சத்தம் கேட்டபோது வின்னி அடுப்பில் ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் காற்றில் கூரை ஓடு ஒன்று நகர்ந்திருக்கிறது, ஏணி வைத்து ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனவன். முதலில் ஏணிப்படி ஒடியும் சத்தம். அடுத்து அதைவிடக் கனமாக ஒன்று. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவளைக் கையில் கரண்டியோடு மாடிப்படிக்கு விரட்டியது.

பிரையர்ஸ் பண்ணைவீட்டின் மாடிப்படியில் யாராலும் ஓட முடியாது. வீட்டு நடுவில் நிற்கும் பெரிய செங்கல் புகைபோக்கியை ஒட்டி, நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி ஏறும் படி அது. தோளை ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். கல்யாணமான அன்று எஸ்ரா அவளைத் தூக்கிக்கொண்டு ஏறப் பார்த்தான். மூன்றாவது வளைவில் இருவரும் வசமாக மாட்டிக்கொண்டார்கள். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து வின்னிக்கு விக்கல் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்று அந்த வளைவில் முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது. அவள் கவனிக்கவில்லை.

படுக்கையறைக்குக் குறுக்கே, இடுப்பு உயரத்தில், ஓக் மரத்தில் ஓர் உத்தரம் ஓடுகிறது. முன்சுவரும் பின்சுவரும் விலகிப் போகாமல் பிடித்திருப்பது அதுதான். அறைக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமானால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எஸ்ரா ஏணியிலிருந்து நேராக அதன்மேல் விழுந்து, உருண்டு தரைக்கு வந்திருந்தான். கண் திறந்திருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"வின்னி, கஞ்சி அடிப்பிடிக்குது பாரு," என்றான்.

டாக்டர் பிரிடி வரும்போது எட்டரை மணி. ஊருக்கு வந்து ஆறு மாதமே ஆன இளம் டாக்டர். அவரும் வின்னியுமாக எஸ்ராவை ஒரு போர்வையில் ஏந்திக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாடியைப் பிடித்துப் பார்த்தார். வின்னியை வாசற்பக்கம் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கு. உள்ளே ரத்தம் கசியுது. பத்தரை, பதினோரு மணிக்குள்ள ஆபரேஷன் மேசையில இருந்தா பிழைச்சுக்குவாரு. ஆனா அவரை மடக்கவோ உட்கார வைக்கவோ கூடாது. பலகையில நேரா படுத்தபடியேதான் கொண்டுபோகணும்."

ஆம்புலன்ஸ் ஒன்பதுக்கு வந்தது. இரண்டு பேர். மூத்தவன் ஸ்ட்ரெச்சரைப் படிக்கட்டு வாயில் வைத்துப் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"இதுக்குள்ள பூனையைத்தான் கொண்டுபோகலாம் அம்மா. அதுவும் மெலிஞ்ச பூனையா இருக்கணும்."

ஜன்னலும் உதவாது. ஒரு சாண் இடைவெளியில் செங்குத்தாக ஓக் கால்கள் நின்றன. அவை வெறும் ஜன்னல் கால்கள் இல்லை, சுவரே அவைதான். அந்த வீட்டில் மரம்தான் எலும்பு. நடுநடுவே கழிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசியது மீதியெல்லாம்.

"மாடியில யாராவது செத்துப்போனா எப்படி இறக்குவீங்க?" என்று கேட்டான் ஆம்புலன்ஸ்காரன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி. அதை நினைத்துத்தான் வின்னி ஆம்புலன்சுக்குப் போன் செய்த கையோடு பெர்சி போரெட்டுக்கும் போன் செய்திருந்தாள்.

பெர்சிதான் அந்த ஊர்த் தச்சன். கதவு ஜன்னல் பழுதுபார்ப்பதும் அவன்தான், சவப்பெட்டி செய்து அடக்கத்துக்கு ஏற்பாடு செய்வதும் அவன்தான். எஸ்ராவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். கருவிப்பெட்டியோடு அவன் தலை படியில் தெரிந்ததும் எஸ்ரா கட்டிலிலிருந்தே பல்லைக் கடித்தபடி சொன்னான்:

"அளவெடுக்க வந்துட்டியாடா? இன்னும் மூச்சு இருக்கு. போயிட்டு அப்புறமா வா."

"உன் அளவு எனக்கு முப்பது வருஷமா தெரியும். உனக்குப் பலகை நிறைய ஆகும்னுதான் தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றேன்," என்றான் பெர்சி.

சொல்லிக்கொண்டே கட்டிலின் கால்மாட்டில் கிடந்த விரிப்பைச் சுருட்டினான். அடியில் ஆறு அகலப் பலகைகள். மற்ற தரைப் பலகைகளைப்போல அவற்றில் ஆணி அடித்திருக்கவில்லை, பள்ளத்தில் பொருத்தியிருந்தது. அவற்றைத் தூக்கினால் கீழே கூடம் தெரியும். ஓர் ஆள் நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம். மாடியில் கண்மூடியவர்களைக் கயிறு கட்டி அந்த வழியாகத்தான் கூடத்துக்கு இறக்குவார்கள். அந்த வீட்டில் அதற்குச் சவக்கதவு என்று பேர். எஸ்ராவின் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா எல்லோரும் கடைசியாக மாடியை விட்டு இறங்கியது அதன் வழியாகத்தான்.

டாக்டர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "இவ்வளவு அருமையான வழியை வச்சுக்கிட்டா நின்னுக்கிட்டு இருக்கோம்? திறங்க, திறங்க!"

"மூடு அதை," என்றான் எஸ்ரா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் அது வழியா போக மாட்டேன். மூடுடா பெர்சி."

மூன்று வருஷத்துக்கு முன் சந்தையில் கட்டறுத்துக்கொண்ட காளையை வேலியோரத்தில் மடக்கி, மூக்கு வளையத்தில் விரலை நுழைத்து, ஆட்டுக்குட்டியை இழுத்து வருவதுபோல் இழுத்து வந்தவன் எஸ்ரா. கள்ளுக்கடையில் இன்றைக்கும் அந்தக் கதை ஓடுகிறது. சொல்லச் சொல்லக் காளை பெரிதாகிக்கொண்டே போகிறது. 'கெரிட்ஜுக்குப் பயம்னா எப்படி எழுதுறதுன்னே தெரியாது' என்று ஊரில் ஒரு சொலவடையே உண்டு. அவன் குரல் நடுங்கியதை வின்னி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

"கொஞ்சம் எல்லாரும் கீழே போறீங்களா?" என்றாள்.

அவர்கள் போனதும் கட்டிலருகே மண்டியிட்டாள். அவன் அவள் கையைத் தேடிப் பிடித்தான். கை ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

"அப்பா போனப்போ எனக்கு ஏழு வயசு," என்றான். "கூடத்துல நின்னு மேலே பார்த்துக்கிட்டு இருந்தேன். பெட்டி இறங்கிச்சு. பாதியில கயிறு ஒரு பக்கம் நழுவிடுச்சு. உள்ளே அவர் புரண்டார் வின்னி. தொம்முனு. எனக்கு என் அப்பா உயிரோட இருக்கார், பெட்டியைத் தட்டுறார்னு தோணிச்சு. கத்தணும்னு நினைச்சேன். சத்தமே வரல. யார்கிட்டயும் சொல்லல. அப்படியே கொண்டுபோய்ப் புதைச்சுட்டாங்க."

"அவர் உயிரோட இல்லப்பா. ஆடிப் புரண்டிருக்கும்."

"தெரியும். நாப்பத்தஞ்சு வருஷமா தெரியும். தெரிஞ்சு என்ன?"

விரிப்பை ஒருநாளும் மிதிக்காமல் அவன் சுற்றிக்கொண்டு வந்து கட்டிலேறுவது அவள் நினைவுக்கு வந்தது. பலகை கிரீச்சிட்டு அவள் தூக்கம் கெடும் என்பதற்காக அப்படி வருகிறான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அதற்காக மனதுக்குள் அவனைக் கொஞ்சியும் இருக்கிறாள்.

"அதுல இறங்கினவங்க யாரும் திரும்பி ஏறினதில்லை. சுவரை வெட்டச் சொல்லு. என் வீடு, நான் சொல்றேன், வெட்டட்டும்."

மேலே திரும்பி வந்து, சுவரை வெட்ட வேண்டும் என்று கேட்டதும் டாக்டருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மயக்கம் கொடுத்துத் தூக்கிவிடலாமா என்று ஆம்புலன்ஸ்காரன் கேட்டதற்குக் கூடாது என்று தலையை அசைத்தார். "ரத்தம் இறங்கிக்கிட்டே இருக்கு. இன்னும் மருந்து கொடுத்தா அப்படியே தூங்கிடுவாரு. பலவந்தமா தூக்கி, அவர் ஒரு உதறு உதறினா, உடைஞ்ச எலும்பு உள்ளே கிழிச்சுடும். அவரா சம்மதிக்கணும்." பெர்சியிடம் திரும்பினார். "சுவரை வெட்ட எவ்வளவு நேரமாகும்?"

"மூணு ஜன்னல் கால் வெட்டினா ஆள் போகும். சாதாரண மரம்னா அரை மணி நேரம். இது..." பெர்சி ஜன்னல் காலைத் தட்டிக் காட்டினான். "முந்நூறு வருஷத்து ஓக், டாக்டர். மரமா இரும்பான்னு அதுக்கே மறந்துபோச்சு."

"வெட்டு," என்றான் எஸ்ரா கட்டிலிலிருந்து.

பெர்சி வின்னியைப் பார்த்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எஸ்ராவின் கண்ணைப் பார்த்தபின் அவளுக்கு அது வரவில்லை. தலையை ஆட்டினாள்.

ஒன்பதரைக்கு ரம்பம் மரத்தில் இறங்கியது. களிமண்ணும் வைக்கோலும் பொலபொலவென்று உதிர்ந்து அறை முழுதும் புழுதி. வின்னி ஈரத்துணியால் எஸ்ராவின் வாயையும் மூக்கையும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு ஜன்னல் கால் பாதி அறுபடுவதற்குள் ரம்பம் ஏதோ பழைய ஆணியில் பட்டுப் பல் உடைந்தது. பெர்சி இன்னொன்றை எடுத்தான். பத்தரை. ஆம்புலன்ஸ்காரர்கள் மாற்றி மாற்றி இழுத்தார்கள். சட்டை நனைந்தது. பிப்ரவரிப் பனிக்காற்று ஓட்டை வழியாக உள்ளே வந்து கட்டிலைத் தேடியது. டாக்டர் கால் மணிக்கு ஒருதரம் நாடி பார்த்தார். முதல் இரண்டு தடவை எண்ணைச் சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்.

முதல் கால் விழுந்தபோது மணி பதினொன்றே கால். இரண்டாவதில் ரம்பம் வைத்ததும் மேலே சடாரென்று ஒரு சத்தம். பெர்சி கையை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான். கூரைச் சட்டங்கள் எல்லாம் வந்து உட்காரும் நீளக்கட்டை, ஜன்னலுக்கு நேர்மேலே, ஒட்டுப்போட்ட இடத்தில் விரல் அகலம் விலகியிருந்தது.

"முடிஞ்சுது. இன்னொரு இழுப்பு இழுத்தா கூரை நம்ம தலையில," என்றான்.

எஸ்ரா கண்ணை மூடிக்கொண்டிருந்தான். உதடு நீலமாகிவிட்டிருந்தது.

வின்னி எழுந்தாள். "பெர்சி, அந்தப் பலகைகளைத் தூக்கு. உன் கயிறு எங்கே?"

"வின்னி..." என்றான் எஸ்ரா.

"நீ சும்மா இரு. இப்ப நான் போறேன். நீ கேட்டுக்கிட்டு இரு."

ஆறு பலகைகளும் ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்தன. அவ்வளவுதான் வேலை. ஆம்புலன்ஸ் பலகையில் வின்னி மல்லாந்து படுத்தாள். பெர்சி வாரால் கட்டினான். அவள் முழங்கைகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன.

"கையை..." என்று இழுத்தான் பெர்சி. அவனுக்குச் சொல்லக் கூசியது. "கையை மார்மேல கட்டிக்கணும். இதை அந்த அளவுக்குத்தான் செஞ்சிருக்காங்க."

வின்னி கைகளை மார்மேல் குறுக்காக வைத்துக்கொண்டாள். நான்கு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். டாக்டரும் ஒருவர். பலகை தரைக்குக் கீழே இறங்கியது.

"எஸ்ரா, கேக்குதா? இறங்குறேன். ஒண்ணும் இல்லை. தூசி மூக்குல ஏறுது, அவ்வளவுதான். இங்கே சட்டத்துல சிலந்தி கூடு கட்டியிருக்கு. வீட்டைப் பெருக்குறேன்னு இத்தனை வருஷம் பொய் சொல்லியிருக்கேன் போல. உங்க அக்கா ஹில்டா பார்த்திருந்தா மானம் போயிருக்கும். கேக்குதா?"

"கேக்குது," என்று மேலேயிருந்து வந்தது.

"கயிறு கெட்டியா இருக்கு. டாக்டருக்குத்தான் மூச்சு வாங்குது. பாவம், மெலிஞ்ச மனுஷன். இதோ சாப்பாட்டு மேசை தெரியுது. உன் செருப்பை நேத்தும் மேசைக்கு அடியிலதான் கழட்டிப் போட்டிருக்க. எத்தனை தடவை சொல்றது! தரை வந்தாச்சு. இறங்கிட்டேன்."

வாரை அவிழ்த்துக்கொண்டு எழுந்தாள். நத்தைப்படியில் மறுபடி ஏறி அவன் முன்னால் போய் நின்றாள்.

"பாரு. இறங்கினவ திரும்பி ஏறி வந்துட்டேன்."

எஸ்ரா அவளைப் பார்த்தான். பிறகு, ஒரு சின்னப் பிள்ளை சட்டை மாட்டக் கையை நீட்டுவதுபோல், இரண்டு கைகளையும் தானே எடுத்து மார்மேல் வைத்துக்கொண்டான்.

"கீழே நில்லு," என்றான்.

அவள் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையின் அடிப்பக்கம் வெளிச்சத்தை மறைத்தபடி இறங்கியது. அவன் பேசவில்லை. பேசச் சொல்லி அவளும் கேட்கவில்லை. அவன் மூச்சு மட்டும், உலைத்துருத்தி மாதிரி, கேட்டது. அவள் கைக்கு எட்டியதும் பலகையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கண் திறந்திருந்தது. கன்னத்தின் இரண்டு பக்கமும் புழுதியில் ஈரக்கோடு.

"வந்துட்டே," என்றாள்.

"வந்துட்டேன்," என்றான்.

ஆம்புலன்ஸ் கிளம்பும்போது பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம். ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோனது ஒரு மணிக்கு. இரண்டே காலுக்கு ஒரு நர்ஸ் வந்து வின்னியை உட்காரச் சொன்னாள். டாக்டர் பிரிடி வாசல்வரை அவளோடு நடந்தார். "இன்னும் ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பிழைச்சு..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் ஹில்டா வந்தாள். எஸ்ராவின் அக்கா. அடுத்த ஊர்ச் சின்னத் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுப்பவள். சகுனம் பார்ப்பவர்களையும் மேசையில் சிந்திய உப்பைத் தோளுக்குப் பின்னால் எறிபவர்களையும் அவளுக்கு ஆகாது. கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நத்தைப்படியில் ஏறி நேராக மாடிக்கே வந்துவிட்டாள்.

மாடியில் பெர்சி சுவர் ஓட்டையைச் சாக்கால் மறைத்துக்கொண்டிருந்தான். விலகிய நீளக்கட்டைக்கு முட்டுக்கொடுக்க ஒரு கம்பத்தை நிறுத்திவைத்திருந்தான். வின்னி களிமண் கட்டிகளைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஹில்டா ஓட்டையைப் பார்த்தாள். வெட்டுப்பட்ட ஓக்கைப் பார்த்தாள். சவக்கதவுப் பலகைகள் சுவரில் சாய்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"ஆம்புலன்ஸ் ஒன்பதுக்கே வந்துடுச்சாமே. பன்னிரண்டு வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

வின்னி இன்னொரு கட்டியைக் கூடையில் போட்டாள்.

"அந்தக் கதவு திறந்தா அஞ்சு நிமிஷ வேலை. எங்க அப்பாவை இறக்கினப்போ நான் பார்த்திருக்கேன். எதுக்குச் சுவரை வெட்டினீங்க? பெர்சி, உன்னைத்தான் கேக்குறேன்."

பெர்சியின் வாயில் நான்கு ஆணிகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்தான். "அது வந்து ஹில்டா, எஸ்ரா..."

"நான்தான் வெட்டச் சொன்னேன்," என்றாள் வின்னி.

பெர்சி வாயை மூடினான்.

"உயிரோட இருக்கிற மனுஷனை அது வழியா இறக்கினா திரும்பி வர மாட்டாங்கன்னு எனக்குப் பயம். விட மாட்டேன்னு நின்னேன். அவர் எவ்வளவோ சொன்னார். நான் கேக்கல."

ஹில்டாவின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. கண்ணீர்கூட அந்தக் கோபத்தோடுதான் வந்தது.

"பயமா? உனக்குப் பயம்னு என் தம்பியை மூணு மணி நேரம் போட்டு வச்சிருந்தியா? ஏழு வயசுல, எங்க அப்பா இறங்குறப்போ, கீழே நின்னு கண் கலங்காம பார்த்தவன் அவன். கயிறு நழுவி எல்லாரும் அலறினோம். அவன் ஒரு சத்தம் போடல. அப்படிப்பட்டவனுக்கு வந்து வாய்ச்ச பொண்டாட்டி... பெர்சி, இவ சொல்றது நிஜமா?"

வின்னி கூடையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பெர்சியைப் பார்த்தாள். அவள் கெஞ்சவில்லை, வெறுமனே பார்த்தாள்.

பெர்சி கையிலிருந்த ஆணிகளைத் திருப்பித் திருப்பி எண்ணினான். நான்குதான் இருந்தன.

"நிஜந்தான்," என்றான் கடைசியில். "எஸ்ரா சீக்கிரம் இறக்குங்கடான்னு கத்திக்கிட்டே இருந்தான்."

"கத்தியிருப்பான்," என்றாள் ஹில்டா. அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது. "அடக்கத்துல நீ எங்க குடும்பத்துக்காரங்களோட உட்கார வேண்டாம். பின்னால எங்கேயாவது உட்காரு." கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு இறங்கினாள். படிவளைவுகளில் அவள் கோட்டு செங்கலில் உரசும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. கீழே கதவு அறைந்து மூடியது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

பெர்சி சாக்கை விட்டுவிட்டுத் திரும்பினான். "ஏன் வின்னி? இனிமே இந்த ஊர்ல உன்னை ஒருத்தரும்..."

காற்று அடித்துச் சாக்கு உள்பக்கமாகப் புடைத்தது. மேலே நீளக்கட்டை முனகியது. வின்னி ஓடிப்போய் முட்டுக்கம்பத்தில் தோளைக் கொடுத்து மேல்நோக்கி நெம்பினாள்.

"பேச்சு அப்புறம். ஆணியை அடி," என்றாள். "எனக்கு ரொம்ப நேரம் தாங்காது."